வெட்டிய டாங்கியில் தங்கமீன்: டிக்கோயாப் பக்கம் ஒரு வெயில் காலம்

பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஆயிரம் லீற்றர் கறுப்புத் தண்ணீர் டாங்கி ஒன்று இரண்டு வருடமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்பு மேல்பாதியில்தான், அடிப்பாதி நல்ல நிலையில் இருந்தது. கோழி அடைக்கத்தான் அதை வாங்கி வந்தேன். வெட்டி முடித்து தூசியைக் கழுவும்போது அடியில் தண்ணீர் தேங்கி நின்றதைப் பார்த்து மகள்தான் கேட்டாள், "அப்பா, இதுல மீன் வளப்பமா?" கோழிக்கூடு இன்னும் கட்டவில்லை.

வெட்டியது ஹெக்சோ பிளேட்டால். சுற்றளவு முழுக்க ஒரே மட்டத்தில் கோடு போட, டாங்கியை நிறுத்திவைத்து 60 சென்ரிமீற்றர் உயரக் குச்சி ஒன்றைத் தரையோடு நகர்த்தி அதன் தலையில் பேனாவை வைத்துக் கோடிழுத்தேன், அது நேராகத்தான் வந்தது, வெட்டு மட்டும் ஓர் இடத்தில் கோணிவிட்டது. விளிம்பு கையைக் கிழிக்கும். பழைய ஹோஸ் பைப்பை நீளவாக்கில் கீறி விளிம்பில் செருகிவிட்டேன், கைக்கும் பாதுகாப்பு, பார்வைக்கும் பரவாயில்லை. விட்டம் 110 சென்ரிமீற்றர், தண்ணீர் 50 சென்ரிமீற்றர் ஆழம், கணக்குப் பார்த்தால் சுமார் 475 லீற்றர்.

குசினிக்குப் பின்னால் மரக்கறிப் பாத்தி ஓரம் ஒரு சாண் ஆழத்துக்கு மேலேயே குழி வெட்டி டாங்கியை அதில் இறக்கினேன். சும்மா தரையில் வைத்தால் போதாதா என்று அம்மா கேட்டார். போதாது, அதற்குக் காரணம் எங்கள் ஊர் வெயில்.

நாங்கள் இருப்பது இலங்கை மலைநாட்டில், கடல் மட்டத்திலிருந்து 1250 மீற்றர் அளவில். தைப்பொங்கல் முடிந்து சித்திரை வரைக்கும்தான் இங்கே வெயில் காலம், வைகாசி கடைசியில் தென்மேல் பருவமழை இறங்கிவிட்டால் புரட்டாசி வரைக்கும் துணி காயாது. ஆனால் அந்த வெயில் காலத்தில்தான் இரவுக் குளிரும் கடுமை. வானம் வெளித்திருப்பதால் பகலில் மண்டை காயும், இராத்திரியில் பல் கிட்டும். நுவரெலியாவில் அந்த மாதங்களில் சில விடியலில் புல்லில் உறைபனியே படியும். எங்கள் பக்கம் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் பெப்ரவரி முதல் வாரம் ஒரு சோதனை செய்தேன். 15 லீற்றர் வாளி ஒன்றையும் இந்தத் தொட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெப்பமானியால் அளந்தேன். வாளியில் காலை ஆறு மணிக்கு 11 பாகை, பின்நேரம் இரண்டு மணிக்கு 27. தொட்டியில் அதே நேரங்களில் 14, 19. தங்கமீனுக்குக் குளிர் ஒன்றும் செய்யாது, அது குளிர்த் தண்ணீர் மீன், 18 முதல் 24 பாகை வரை சுகமாக இருக்கும், மெதுவாகக் குறைந்தால் அதற்கும் கீழே தாங்கும். ஒரே நாளில் 16 பாகை ஏறி இறங்குவதைத்தான் அது தாங்காது. நிறையத் தண்ணீர், மண்ணுக்குள் பாதி உடம்பு, இந்த இரண்டும் இருந்தால் சூடும் குளிரும் நிதானமாகத்தான் ஏறி இறங்கும். கண்ணாடிப் போத்தலிலும் பேசினிலும் மீன் வளர்த்துச் சாகக் கொடுத்தவர்கள் எல்லாம் "நம்ம ஊரு குளிர்" என்று குளிரைத்தான் திட்டுவார்கள். நானும் திட்டியிருக்கிறேன்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு முதல் தவறைச் செய்தேன். கண்டியில் ஒரு கடையில் ஆறு குட்டி வாங்கினேன், இரட்டை வால், உருண்டை வயிறு, பார்க்க அழகு. கடைத் தொட்டித் தண்ணீர் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. பையில் ஒட்சிசன் அடித்துக் கொடுத்தார்கள், பஸ்சில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீடு சேர இருட்டிவிட்டது. பையைத் தொட்டியில் கால் மணித்தியாலம் மிதக்கவிட்டு, எங்கும் சொல்கிற முறைதானே, அவிழ்த்து விட்டேன். தொட்டி அப்போது 16 பாகை, பை என்னவாக இருந்தது என்று அளக்கவே இல்லை. விடியும்போது இரண்டு, அடுத்த நாள் இரண்டு. கால் மணித்தியாலம் என்பது இரண்டு மூன்று பாகை வித்தியாசத்துக்குச் சரி. கீழ்நாட்டில் 28, 29 பாகையில் பிறந்து வளர்ந்த மீனை மலைக்குக் கொண்டுவந்தால் இரண்டு மூன்று நாளாவது வீட்டுக்குள் ஒரு பேசினில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இங்கத்தைய தண்ணீரைச் சேர்த்துத்தான் பழக்க வேண்டும்.

மிச்சம் இரண்டு. அப்புறம் பொகவந்தலாவையில் தெரிந்த ஒருவர் வீட்டுச் சிமெந்துத் தொட்டியில் வருடக்கணக்காக வளரும் கொமெற் வகை மீன் நாலு கிடைத்தது. ஒற்றை வால், நீள உடம்பு, ஒரு சாண் நீளம் வராது, அதற்குக் கொஞ்சம் குறைவு. குளிரில் பிறந்து குளிரில் வளர்ந்தவை. தொட்டியில் விட்டதும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடியில் வாயை வைத்து மண்ணைக் கிளற ஆரம்பித்துவிட்டன. வெளியில் வளர்க்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான், அழகு பார்க்காதீர்கள், ஒற்றை வால் மீனை எடுங்கள், அதுவும் மலைநாட்டிலேயே வளர்ந்ததாக எடுங்கள்.

தண்ணீர் மலையிலிருந்து ஓடிவரும் எங்கள் பீலியிலிருந்து. டவுனில் சபைத் தண்ணீர் எடுப்பவர்கள் குளோரின் போக ஓரிரு நாள் வெளியில் வைத்துத்தான் ஊற்ற வேண்டும், எங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. எங்களுக்கு வேறு பிரச்சினை. மேல் மலையில் உரம் போட்டால், களைக்கொல்லி அடித்தால், அதற்கு அடுத்து வரும் முதல் மழையோடு அது பீலிக்கு வரும். அந்த நாட்களில் தொட்டிக்குத் தண்ணீர் பிடிப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். தகரக் கூரைத் தண்ணீரும் வேண்டாம். தகரத்தின் நாகப்பூச்சு கரைந்து வரும், அது மீனுக்கு ஆகாது, தண்ணீர் மென்மையாக இருந்தால் இன்னும் மோசம். எங்கள் தண்ணீர் மகா மென்மை, சவர்க்காரம் போட்டால் நுரை போகாது.

அந்த மென்மைதான் மார்ச்சில் என் காலை வாரியது.

ஆரம்பத்தில் பி.எச்., அதாவது தண்ணீரின் புளிப்பைக் காட்டும் அளவு, 6.5 இருந்தது, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். சின்ன எயார் பம்ப், ஒரு ஸ்பொன்ஞ் ஃபில்டர், ரெஜிபோம் மீன்பெட்டி மூடியில் ஓட்டை போட்டுச் செருகிய கங்குன் கீரைத் தண்டுகள், இவ்வளவுதான் ஏற்பாடு. கங்குன் பத்து நாளில் வெள்ளை வேர் விட்டுத் தாடி மாதிரித் தொங்கியது. மீன் கழிவில் வரும் அமோனியாவை ஃபில்டரில் குடியேறும் பக்டீரியா நைத்திரைற்றாகவும் அதிலிருந்து நைத்திரேற்றாகவும் மாற்றும், நைத்திரேற்றைக் கங்குன் தின்னும். பக்டீரியா குடியேற வழக்கமாக நாலு ஐந்து வாரம், எங்கள் குளிரில் அதற்கும் மேலே. இதில் ஒரு விஷயம் இருக்கிறது, அந்த மாற்றும் வேலையே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புளிக்க வைக்கும். வன்மையான தண்ணீரில் அதைச் சமாளிக்கச் சுண்ணாம்புச் சத்து இருக்கும், எங்கள் பீலித் தண்ணீரில் அது இல்லை. மார்ச் நடுவில் அளந்தால் 5.7. அவ்வளவு இறங்கினால் பக்டீரியாவும் வேலையைக் குறைத்துவிடும், அமோனியா சேரும். ஆனால் புளித்த தண்ணீரில் அமோனியா பெரும்பாலும் விஷமில்லாத வடிவத்தில் கிடக்கும், அதனால் மீன் நன்றாகத்தான் தெரியும். நன்றாகத்தான் தெரிந்தது.

நான் என்ன செய்தேன்? அம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு மேசைக்கரண்டிச் சுண்ணாம்பை எடுத்துக் கரைத்து ஊற்றினேன். பெரிய விஞ்ஞானி மாதிரி ஒரு குச்சியால் கலக்கவும் செய்தேன். ஒரு மணித்தியாலம் போகவில்லை, ஆறு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, ஒன்றின் செவுள் இரத்தச் சிவப்பாக இருந்தது. பி.எச். 8.6. அவ்வளவு நாள் சும்மா கிடந்த அமோனியா முழுக்க ஒரே நேரத்தில் விஷமாகிவிட்டது. மனைவியும் நானும் வாளி வாளியாகப் பாதித் தண்ணீரை இறைத்துப் பாத்திக்கு ஊற்றி, பீலியிலிருந்து தூக்கி வந்து நிரப்பினோம். மணி பத்தரை. "மீனுக்கு வெத்தல போட்டுவிட்டியா?" என்று அம்மா ஒரு தடவைதான் கேட்டார், அதுவே போதும். இரட்டை வால் ஒன்று போய்விட்டது. முதல் ஆறில் தப்பியது, என் கையால் போனது.

தீர்வு தோட்டத்திலேயே இருந்தது. தேயிலை மண் அளவுக்கு மேல் புளித்தால் போடுவார்களே, டொலமைட், அதுதான். கல்சியமும் மக்னீசியமும் கலந்த சுண்ணாம்புக் கல், வெற்றிலைச் சுண்ணாம்பு மாதிரி ஒரேயடியாக ஏற்றாது, மெல்லத்தான் கரையும். தூளாகப் போட்டால் தண்ணீர் பாலாகும். பழைய காலுறை ஒன்றில் இரண்டு கைப்பிடி கட்டி எயார் குமிழி வரும் இடத்தில் தொங்கவிட்டேன். பத்து நாளில் 6.8, அதற்குப் பிறகு அங்கேயே நிற்கிறது.

தீனியைப் பற்றி ஒரு சண்டை. தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது, தின்றது நேரே குடலுக்குப் போகும், ஆகவே எப்போதும் பசித்த முகம்தான். ஆளைக் கண்டால் விளிம்புக்கு ஓடி வந்து தலையை நீட்டும். அம்மாவுக்கு அது பொறுக்காது. "வாயத் தொறந்து கேக்குது, பாத்துக்கிட்டு நிக்கவா சொல்ற?" என்று ரொட்டித் துண்டும் சோற்றுப் பருக்கையும் போட்டுவிடுவார். சோறு அடியில் கிடந்து மூன்றாம் நாள் நாறும். நான் காலையில் வேலைக்குப் போகுமுன் போட்டதும் பிழைதான். ஆறரை மணிக்குத் தண்ணீர் 14 பாகையில் இருக்கும், அந்தக் குளிரில் செரிமானம் மெதுவாகத்தான் நடக்கும். பத்துப் பாகைக்குக் கீழே போனால் போடவே கூடாது. கடைசியில் அம்மாவிடமே பொறுப்பைக் கொடுத்தேன், பதினொரு மணிக்கு வெயில் பட்ட பிறகு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. பொறுப்பு வந்ததும் ரொட்டி நின்றுவிட்டது. இப்போது நான் போட்டால் அவர் என்னைத் திட்டுகிறார்.

மார்ச் கடைசியில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. பாசிதான், கண்ணுக்குத் தெரியாத மிதக்கும் பாசி. எல்லாரும் இறைத்துவிட்டுக் கழுவச் சொன்னார்கள். நான் விட்டுவிட்டேன். பச்சைத் தண்ணீர் மீனுக்குக் கெடுதல் இல்லை, நிறம்கூட நன்றாக வரும், குஞ்சு பொரித்தால் அதுதான் முதல் சோறு. வெளிச்சம் இல்லாத நேரம் முழுக்கப் பாசி ஒட்சிசனைத் தானே இழுத்துவிடும், விடியப்புறத்தில் ரொம்பக் குறைந்துவிடும், அதனால் இராத்திரி எயார் பம்ப்பை நிறுத்தக் கூடாது. பச்சைக்கு இன்னொரு பயனும் கண்டேன். தண்ணீர் கண்ணாடியாக இருந்த நாட்களில் துணிக்கொடியில் வந்து உட்காரும் மீன்கொத்தி, நீலமும் பழுப்புமாகப் பெரிய சொண்டுடன், பச்சை ஏறிய பிறகு உட்காருவதைக் குறைத்துக்கொண்டது. ஆனால் அதற்கு முன்பே மிஞ்சியிருந்த ஒற்றை இரட்டை வாலைக் கொண்டுபோய்விட்டது. உருண்டை வயிற்றை வைத்துக்கொண்டு எங்கே ஓட முடியும், பாவம். அதற்குப் பிறகுதான் பச்சை நெட் வாங்கி மூங்கில் வளையத்தில் கட்டினேன், பகல் வெயிலுக்கும் அது நல்லது.

ஆகாயத்தாமரை போடச் சொல்லாத ஆள் இல்லை. வேண்டாம். அழகாகப் பூக்கிறதென்று கொண்டுவந்த செடி, அது பெருகிய பெருக்கில் 1909இலேயே அதற்கென்று தனிச் சட்டம் போட வேண்டி வந்தது இந்த நாட்டில். எங்கள் வடிகால் கான் ஓடையில் விழும், ஓடை நீர்த்தேக்கத்தில் விழும். மீனும் அப்படித்தான், வேண்டாம் என்றால் யாருக்காவது கொடுங்கள், ஓடையில் விடாதீர்கள். வெள்ளைக்காரன் 1880களில் தூண்டில் போடவென்று மேல்மலை ஓடைகளில் ட்ரவுட் விட்டது போதும்.

ஒரு நாள் டெங்கு பார்க்க பி.எச்.ஐ. ஐயா, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்தார். பி.எச். அளக்கிற வீட்டுக்கு பி.எச்.ஐ. என்று மனைவி சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை, 475 லீற்றர் தண்ணீரை மூடாமல் வைத்திருக்கிறேனே. அவர் டோர்ச் அடித்துத் தொட்டியை நிதானமாகப் பார்த்தார், ஒரு நுளம்புப் புழு இல்லை. இருந்தால் மீன் விடுமா? நான் நெஞ்சை நிமிர்த்துமுன் பக்கத்தில் கிடந்த பெயின்ற் டின் மூடியைக் காலால் தட்டிக் காட்டினார். அதில் ஒரு விரல் ஆழத் தண்ணீரில் பத்துப் பதினைந்து புழு நெளிந்தன. எச்சரிக்கையோடு விட்டார். அவர் போனதும் மூடியை அப்படியே தொட்டியில் கவிழ்த்தேன், அரை நிமிட விருந்து.

ஏப்ரல் முதல் வாரம் இரண்டு மீனின் செவுள் மூடியில் வெள்ளைப் புள்ளி. உப்புப் பொட்டலத்தைக் கையில் எடுத்துவிட்டேன், வெண்புள்ளி நோய் என்று நினைத்து. நல்லவேளை, வலையில் எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். நோய்ப் புள்ளி உடம்பு, வால் என்று உப்புத் தூவினாற்போலப் பரவியிருக்கும். இது செவுள் மூடியிலும் முன் செட்டையின் முதல் முள் ஓரத்திலும் மட்டும், ஊசிமுனை மாதிரி வரிசையாக, தடவினால் சொரசொரப்பு. ஆண் மீன் இணைசேரும் காலத்தில் வருவது. குளிர் மாதம் போய்த் தண்ணீர் 20 பாகையைத் தொட்டதும் அவற்றுக்குப் புத்தி வந்துவிட்டது. ஊர்ப்பட்ட மருந்தும் ஊசியும் இல்லாமல் மலைநாட்டுக் காலநிலையே அதைச் செய்கிறது, வருடம் முழுக்க ஒரே சூடாக இருக்கிற கொழும்பில் இந்தக் குளிர், சூடு மாற்றம் கிடைக்காது. கால்வாசித் தண்ணீர் மாற்றிய மறுநாள் விடியலில் தொட்டி கலங்கிக் கிடந்தது, இரண்டு ஆணும் ஒரு பெண்ணைக் கங்குன் வேருக்குள் முட்டி முட்டித் தள்ளின, வேர் முழுக்கக் கடுகைவிடச் சின்னதாய் மஞ்சள் கண்ணாடி மணி. எட்டு மணிக்குள் அவையே திரும்பி வந்து முட்டையைத் தின்னத் தொடங்கின. ரெஜிபோம் மூடியைச் செடியோடு தூக்கி, அதே தண்ணீர் ஊற்றிய 40 லீற்றர் நீல டிரம்முக்கு மாற்றினேன்.

ஆறாம் நாள் டிரம் சுவரில் கண் இமை முடியை வெட்டி ஒட்டினாற்போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. மகள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "அப்பா, கண்ணு இருக்கு!" என்றாள். முதல் இரண்டு நாள் அதன் வயிற்று மஞ்சள் கருவே போதும், பிறகு பச்சைத் தண்ணீர், அதோடு அவித்த முட்டை மஞ்சள் கரு துணியில் கட்டித் தண்ணீரில் பிழிந்து சொட்டுச் சொட்டாக. ஒரு நாள் கூடிவிட்டது, மறுநாள் டிரம் நாறியது, இருபது முப்பது குஞ்சு காலி. ஒரு வாரத்தில் எண்ணியபோது அறுபது அளவில் இருந்தவை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போயின, அடியில் பிணமும் இல்லை. மகள்தான் பிடித்தாள். செடி வேருக்குள் மண்ணிறத்தில் ஆறு காலுடன் ஒரு பூச்சி, தும்பிக் குஞ்சு. தாடை மடங்கிக் கிடக்கும், குஞ்சு பக்கத்தில் வந்தால் கை நீட்டுகிற மாதிரி அதை நீட்டிப் பிடிக்கிறது. மூன்று எடுத்தேன். இருபத்து மூன்று குஞ்சு மிச்சம்.

வெயில் காலத்தைக் கடந்தாயிற்று என்று இருந்தபோது மழை. சித்திரைப் பின்நேர இடிமழை ஒன்று, விடியப் போய்ப் பார்த்தால் தண்ணீர் விளிம்போடு தளும்புகிறது, ஒரு மீன் ஹோஸ் பைப் விளிம்பில் தாடையை வைத்து வெளியே எட்டிப் பார்க்கிறது. மழைத் தண்ணீரைக் கணக்குப் போடாதது என் மடத்தனம். 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் இந்தத் தொட்டி வாய்க்குள் 95 லீற்றர் இறங்கும், ஐந்தில் ஒரு பங்கு, அதுவும் சுண்ணாம்புச் சத்தே இல்லாத தண்ணீர். 50 சென்ரிமீற்றர் உயரத்தில் ஓட்டை போட்டு ஓரங்குல பைப் பொருத்தி, உள்வாய்க்கு நுளம்புவலைத் துணி கட்டி, வெளிவாயைக் கானுக்குத் திருப்பினேன். துணியில் இலை அடைக்கிறது, இரண்டு நாளுக்கு ஒரு தடவை துடைக்க வேண்டும், இதற்கு நல்ல வழி இன்னும் கிடைக்கவில்லை.

இதை எழுதும்போது ஜூன் முதல் வாரம், மூன்று நாளாக விடாத மழை. டொலமைட் காலுறையைப் புதிதாக மாற்றினேன், பி.எச். 6.6. தீனி ஒரு தடவைதான். குஞ்சுகள் இரண்டு சென்ரிமீற்றர் வந்துவிட்டன, எல்லாமே ஓடை மீன் மாதிரிச் சேற்று நிறம், ஒன்றுகூடத் தங்கம் இல்லை. நிறம் மாற இன்னும் சில மாதம் ஆகும், சிலது கடைசி வரை மாறாது. பக்கத்து லயத்து அண்ணன் நேற்றுக் குடையோடு வந்து டிரம்மை எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம டாங்கில வளந்ததுல்ல, எனக்கு ரெண்டு குடு தம்பி, ஆனா செவப்பா இருக்கறதா பாத்துக் குடு" என்றார்.

செப்டெம்பர் வரை பொறுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.